கேரளாவுக்குப் போனவர்

மாரக்கொட்டாய், மொரப்பூர் வழி
14.07.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுசித்ரா எழுதுவது. நானும் காவியாவும் கிரியும் நன்றாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சோறு தருகிறார்களா? படுக்க இடம் இருக்கிறதா?

நீங்கள் புறப்பட்டுப் போய் முப்பத்தொன்பதாவது நாள்தான் உங்கள் கேஸைப் பார்க்கும் வக்கீல் போன் செய்தார். செம்மரம் வெட்டப் போன இடத்தில் பிடிபட்டு, ஆந்திராவில் ஜெயிலில் இருக்கிறீர்கள் என்றார். என்னிடம் கேரளாவில் இஞ்சித் தோட்டத்து வேலை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை.

உங்கள் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் எழுந்து தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "யாரு கேட்டாலும் கேரளான்னே சொல்லும்மா. எம்பொண்ணு கோகிலாவுக்குப் பெண்ணாகரத்துல மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்கோம். இது தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றார். நானும் அப்படியே சொல்லி வருகிறேன். உங்கள் அண்ணி ராமக்காள் அக்காவுக்குக்கூடத் தெரியாது.

நான் சாமந்திப்பூ பறிக்கப் போகிறேன். காவியா அங்கன்வாடிக்குப் போகிறாள். அங்கே இரண்டு வயது ஆகாத பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால் கிரியைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போகிறேன். தவழ்கிறான். பரிதா டீச்சர் எடை போட்டுப் பார்த்து, கொஞ்சம் குறைவு என்றார். பல் முளைக்கும் நேரம், தேறிவிடுவான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது கிடைத்ததும் ஒரு வரியாவது போடுங்கள்.

உங்கள்
சுசித்ரா


06.08.2024

அன்பு சுசித்ராவுக்கு,

மாதேஷ் எழுதுவது. உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீயும் பிள்ளைகளும் நலம் என்று படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு வேளை சோறு, காலையில் உப்புமா. சமையல்கட்டில் காய் நறுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே வருகிற கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். தமிழ் தெரிந்த வார்டர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் லீவில் போனால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். அதனால் பதில் தாமதமானால் பயப்படாதே. போனில் பேச மனு கொடுத்திருக்கிறேன். வெளி மாநிலத்து நம்பர் என்பதால் இழுக்கிறது.

உன்னிடம் மறைத்தது தப்பு. ஏஜென்டு, பத்தே நாள் வேலை என்றான். பத்து நாளில் திரும்பி வந்து கூரையை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

அண்ணன் சொன்னபடியே நட. கோகிலாவை நான் தோளில் தூக்கி வளர்த்தவன். என்னால் அவள் கல்யாணம் நின்றது என்ற பேச்சு வரக்கூடாது. கிரிக்கு ராகிக்கூழ் காய்ச்சிக் கொடு. காவியா என்னைக் கேட்டால், அப்பா பொம்மை வாங்கி வருவார் என்று சொல்.

இங்கு எல்லாம் நலமே.

மாதேஷ்


மாரக்கொட்டாய்
30.08.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுசித்ரா எழுதுவது. நாங்கள் நலம். உங்களுக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா? அங்கேயும் மழை என்று டிவியில் சொன்னார்கள். உங்கள் கையெழுத்து முன்பைவிட அழகாக இருக்கிறது. அங்கே எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

போன வாரம் சத்துமாவு வாங்கப் போனபோது பரிதா டீச்சர் மற்றவர்கள் போகும்வரை என்னை உட்கார வைத்தார். கம்பைநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், ஊர்ப் பேச்சில் தலையிட மாட்டார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா, நானும் கேக்கல. அப்பாவோ அம்மாவோ ஜெயில்ல இருந்தா, புள்ளைங்கள ஹாஸ்டல்ல வுடாம வூட்டுலயே வெச்சி வளக்க கவர்மெண்டு மாசாமாசம் உதவி தருது. அந்த மாதிரி யாராச்சும் தெரிஞ்சா சொல்லு."

நான் அழுதேன். அவர் மனுவை எடுத்து நிரப்பத் தொடங்கினார்.

இன்ன கேஸில், இன்ன தேதியிலிருந்து உள்ளே இருக்கிறார் என்று ஜெயிலில் ஒரு சான்று வாங்கித் தர வேண்டும். அது இல்லாமல் மனுவை எடுக்கமாட்டார்களாம். அந்த உதவி வந்தால் நான் கொஞ்ச நாள் வேலைக்குப் போகாமல் கிரியோடு இருக்கலாம். அவன் எடை அட்டையில் மஞ்சளில் இருக்கிறான். பச்சைக்கு வந்துவிடுவான் என்று டீச்சர் சொல்கிறார்.

சான்றுக்கு எழுதிக் கொடுங்கள் மாமா. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

உங்கள் உடல்நலத்துக்கு எழுதவும்.

சுசித்ரா


27.09.2024

சுசித்ராவுக்கு,

நான் நலம். பிள்ளைகள் நலமா?

நீ கேட்டதைப் பத்து நாள் யோசித்தேன். இப்போது வேண்டாம். அந்தச் சான்று வந்தால் வி.ஏ.ஓ. பார்ப்பார், தலையாரி பார்ப்பார், விசாரணைக்கு ஊருக்குள் ஆள் வரும். ஒரே நாளில் மொரப்பூர் வரைக்கும் பரவிவிடும். தை கடைசியில் முகூர்த்தம் வைத்திருப்பதாக அண்ணன் எழுதியிருக்கிறார். தை முடியட்டும், நானே வாங்கி அனுப்புகிறேன். நாலு மாதம்தான்.

அதுவரை அரிசிக்குக் குறை இருக்காது, அண்ணனுக்கு எழுதிவிட்டேன். அந்த டீச்சருக்கு நீ எதற்கு அழுது காட்டினாய்? வெளியாள் எல்லாம் நம் வீட்டு விஷயத்தில் வரவேண்டாம். குழந்தை மஞ்சளில் இருந்தால் பச்சைக்கு வரப்போகிறான். எல்லாக் குழந்தையும் அப்படித்தான் வளர்கிறது.

இதை மனதில் வைத்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

மாதேஷ்


மாரக்கொட்டாய்
14.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுசித்ரா. நாங்கள் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. சரி.

உங்கள் அண்ணன் அரிசி கொண்டுவந்து வைத்தார். ஆயுத பூசைக்குப் பூவுக்கு நல்ல கிராக்கி. விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். ஒரு நாள் போகாவிட்டாலும் மேஸ்திரி வேறு ஆளை வைத்துவிடுகிறார். அந்த வாரம் ஏழு நாளும் போனேன்.

காவியா பெரிய பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். தம்பியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை. அங்கே எல்லோரும் பூசை கொண்டாடினீர்களா?

சுசித்ரா


அங்கன்வாடி மையம், மாரக்கொட்டாய்
26.10.2024

தம்பி மாதேஷுக்கு,

அங்கன்வாடி டீச்சர் பரிதா எழுதிக்கொள்வது. நீங்கள் அங்கே உடல்நலத்தோடு இருக்க வேண்டுமென்று துஆ செய்கிறேன். நாம் நேரில் அதிகம் பேசியதில்லை. காவியாவை முதல்நாள் கொண்டுவந்து விட்டபோது ஜன்னல் பக்கம் அரைமணி நேரம் நின்றீர்களே, அது எனக்கு நினைவிருக்கிறது. அதை நினைத்துத்தான் இந்தக் கடிதம். விலாசம் உங்கள் வீட்டிலிருந்த கடித உறையில் பார்த்தது. சுசித்ராவுக்கு நான் எழுதுவது தெரியாது.

கிரி ஜூலையிலிருந்தே சிவப்பில் இருக்கிறான். கை சுற்றளவை அளக்கும் நாடாவில் சிவப்பு என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆகவேண்டும். நான் வாராவாரம் சொன்னேன். அக்டோபர் முதல் தேதி அவளைக் கையோடு தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கான வார்டில் சேர்த்தேன். பதினாலு நாள் இருக்க வேண்டும். நாலாம் நாள் காலையில் நர்சிடம்கூடச் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆயுத பூசை வாரம், போகாவிட்டால் வேலை போய்விடும் என்றாள். அவளுக்கு அம்மா இல்லை. திருப்பூரில் இருக்கும் தம்பி எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளை இருந்த நிலையில் வெயிலில் தூக்கிப் போகவும் முடியாமல் வீட்டிலேயே விட்டாள்.

காவியா மூன்று நாள் மையத்துக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் நான் வீட்டுக்குப் போனேன். கதவு வெளியே கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அவிழ்த்து உள்ளே போனேன். காவியா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்துமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து அவன் வாயில் விட்டிருக்கிறாள். அவன் விழுங்கவில்லை. அது கழுத்தெல்லாம் வழிந்து காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். "டீச்சர், சத்தம் போடாதீங்க. தம்பி இப்பதான் அழுவறத வுட்டான்" என்றாள்.

அவன் அழுவதை விட்டது தூங்குவதற்காக இல்லை தம்பி. அழத் தெம்பில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்.

இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அன்றுதான் முதல்முறையாக, யாரையும் கேட்காமல் ஒரு வீட்டுப் பிள்ளைகளை மையத்துக்குத் தூக்கி வந்தேன்.

அன்றிலிருந்து, சட்டப்படி கூடாது என்று தெரிந்தும், கிரியையும் மையத்தில் வைத்துக்கொள்கிறேன். சூப்பர்வைசர் ஒருமுறை எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் இது போதாது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னால் சுசித்ரா ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்: "பதினாலு நாள் நான் வேலைக்குப் போவலன்னா காவியாவுக்கு யாருங்க சோறு போடுவாங்க?" என்னிடம் இருப்பது சத்துமாவும் முட்டையும்தான்.

உங்கள் வீட்டுக் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும். ஆனால் தை வரைக்கும் இந்தப் பிள்ளை தாங்கமாட்டான். அந்தச் சான்றை அனுப்புங்கள்.

அக்காவாக நினைத்து எழுதியிருக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

பரிதா


மாரக்கொட்டாய்
21.11.2024

மாமாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்றே தெரியவில்லை. என் கடிதத்துக்கும் பதில் இல்லை. டீச்சர் கடிதத்துக்கும் பதில் இல்லை. அவர் உங்களுக்கு எழுதியதை முந்தாநாள்தான் என்னிடம் சொன்னார். அவர்மேல் கோபப்பட வேண்டாம். என்மேல் படுங்கள். மஞ்சள் என்று எழுதியது நான்தான். சிவப்பு என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று காலையில் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். காவியாவுக்கு நல்ல கவுன் போட்டு, தலைவாரிப் பூ வைத்தேன். எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் சொல்லவில்லை. டிக்கெட்டும் எடுக்கவில்லை. பிளாட்பாரத்தின் கடைசியில், கூரை இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்தோம். நிற்காமல் போகும் வண்டி மூன்று போனது. ஒவ்வொரு வண்டிக்கும் காவியா கை காட்டினாள். எனக்குப் பசிக்கவில்லை, அழுகை வரவில்லை, எதுவுமே இல்லை. கிரி மடியில் ஒரு துணி மாதிரி கிடந்தான்.

பிளாட்பாரம் கூட்டும் அம்மா ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்கம்மா போவணும்?" என்றார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊருக்குன்னு சொல்லு, நான் ஏத்தி வுடறேன்" என்று திரும்பவும் கேட்டார். பிடித்த கையை விடவில்லை. வாயில் என்ன வந்ததோ, ஆந்திராவுக்கு என்றேன். எங்கள் வீட்டுக்காரர் அங்கே ஜெயிலில் இருக்கிறார் என்றேன். அதை நான் வாய்விட்டு வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் எங்களுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, டிரைவரிடம் இறங்கும் இடம்வரை சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஆந்திராவுக்கே வருகிறேன் மாமா. டீச்சர் வழி விசாரித்துச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை காலையில் மனு போட்டு உங்களைப் பார்ப்பேன். காவியாவை டீச்சர் வீட்டில் விட்டுவிட்டு, கிரியை மட்டும் தூக்கி வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமோ என்னவோ.

சுசித்ரா


03.12.2024

என் சுசித்ராவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்தாயா? கிரிக்கு வழியில் ஒன்றும் ஆகவில்லையே? முதலில் அதை எழுது.

நீ வரப்போவதாக எழுதிய கடிதத்தையும் டீச்சர் கடிதத்தையும் நீ வந்துபோன மறுநாள் சேர்த்துக் கொடுத்தார்கள். தமிழ் வார்டர் ஒரு மாதம் லீவு. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். ஸ்டேஷனைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீ நின்றபோது, உன் கையில் யாருடைய குழந்தை என்று நினைத்தேன். வழியில் யாரோ பிடித்துக்கொள்ளச் சொன்ன பிள்ளை, கிரியை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். நீ அவனை என் பக்கம் திருப்பிக் காட்டினாய். அப்போதும் தெரியவில்லை. அவன் காது மடலில் இருக்கும் மச்சத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. பத்து நிமிடமும் நான் கோகிலா கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சோறு போடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். இரண்டு பேரும் வேறு ஒன்றும் பேசவில்லை.

நீ என் வலது கையைப் பார்த்துவிட்டாய் என்று தெரியும். காட்டில் ஓடும்போது பாறைமேல் விழுந்ததில் நாலு விரலும் உடைந்தது. கோணலாகச் சேர்ந்துவிட்டது. காய் நறுக்கும் வேலை என்று எழுதியது பொய். இதுவரை உனக்கு வந்த கடிதம் எல்லாம் என்னோடு உள்ளே இருக்கும் சித்தேரி மலைக்காரர் பச்சியப்பன் எழுதியது. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். சான்று வேண்டாம் என்ற கடிதத்தை எழுதமாட்டேன் என்று ஒரு நாள் முழுக்கப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் கெஞ்சி எழுத வைத்தேன்.

சான்று இத்துடன் இருக்கிறது. இங்கிலீஷில் அடித்து முத்திரை வைத்து, இரண்டு காப்பி. அண்ணனுக்கும் தனியாக எழுதிவிட்டேன். யாருக்கும் பயப்படாதே. நாளைக்கே கொண்டுபோய்க் கொடு.

தங்கச்சி, இதை எழுதும் பச்சியப்பன் நான் சொல்வது: நீ வந்துபோனதிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில் சேர்ந்தான் என்று ஒரு வரி போடு, சாப்பிடுவார்.

மாதேஷ்


மாரக்கொட்டாய்
12.01.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுசித்ரா எழுதுவது. கிரி உயிரோடு இருக்கிறான். முதலில் இதைப் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். நீங்கள் சாப்பிடுங்கள். பச்சியப்பன் அண்ணனுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

சான்று வந்த அன்றே டீச்சரும் நானும் தர்மபுரி போய் மனுவைக் கொடுத்தோம். உதவி வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று டீச்சர் அன்று சாயந்திரமே கிரியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இந்தத் தடவை பதினேழு நாள் இருந்தோம். காவியாவைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தினமும் பஸ்ஸில் கையோடு மையத்துக்குக் கூட்டி வந்து போனார். என் பூவேலை போய்விட்டது. போகட்டும்.

முதல் வாரம் அவனுக்கு மூக்கில் குழாய் வைத்துப் பால் இறக்கினார்கள். ஐந்தாம் நாள் உடம்பு சில்லிட்டுவிட்டது. டாக்டர் அவனை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி உட்காரச் சொன்னார். விடிய விடிய அப்படியே இருந்தேன். ஒன்பதாம் நாள் மதியம் வீல் என்று அழுதான். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து வந்து பார்த்தாள். நான் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. அழட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஊர் திரும்பிய மறுநாள் விசாரணைக்கு ஓர் அம்மா வந்தார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவரோடு போனபோது ரேஷன் கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அவர் கேட்கும் முன் நானே சொன்னேன். "எங்க வூட்டுக்காரரு கேரளாவுல இல்லீங்க. செம்மரக் கேசுல ஜெயில்ல இருக்காரு. எம்புள்ளைங்களுக்கு உதவி கேட்டு மனு போட்டிருக்கேன். யாராச்சும் சாட்சிக் கையெழுத்துப் போடுங்க." இரண்டு மூன்று பேர் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். பிறகு மாவு மில் தீர்த்தகிரி வந்து போட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர் போட்டார்.

சாயந்திரம் உங்கள் அண்ணன் வந்தார். உங்கள் கடிதம் கையில் இருந்தது. வாசலுக்கு வெளியே நின்றபடி, "ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?" என்றார். "கிரிக்கு ஒரு மாசம் இல்லீங்க மாமா" என்றேன். அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் பெண்ணாகரத்திலிருந்து போன் வந்ததாம். கல்யாணம் நின்றுவிட்டது. ராமக்காள் அக்கா தெருவில் நின்று பேசிய பேச்சை உங்களுக்கு எழுதமாட்டேன். கோகிலா வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

கிரி தினமும் மையத்துக்குப் போகிறான். எடை நூறு நூறு கிராமாகத்தான் ஏறுகிறது. நான் மறைக்காமல் எழுதுகிறேன், இன்னும் சிவப்புதான்.

கைக்கு வைத்தியம் பார்க்க மனு கொடுங்கள்.

சுசித்ரா


09.02.2025

சுசித்ரா

நலம். பச்சியப்பன் ஜாமீனில் போய்விட்டார். இது இடது கையால் நான் எழுதுவது. நிறைய எழுத வராது.

கிரி அழுததை அவர் வாசித்துக் காட்டினார். அன்று சாப்பிட்டேன்.

அண்ணன் பதில் போடவில்லை. கோகிலா முகத்தில் நான் எப்படி முழிப்பேன். அவள் உன்னைப் பார்த்தால் பேசுகிறாளா. அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நீ செய்ததுதான் சரி. நாலு மாதம் முன்பே நான் செய்திருக்க வேண்டும்.

ஜாமீனுக்கு உள்ளூர் ஆள் இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமாம். வக்கீல் தேடுகிறார்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.

மாதேஷ்


மாரக்கொட்டாய்
30.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுசித்ரா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் எழுத்தைக் காவியாவிடம் காட்டினேன். "அப்பா என்ன மாதிரியே எழுதறாரு" என்றாள். அவளும் இப்போதுதான் அ, ஆ எழுதுகிறாள்.

உதவி ஆணை போன வாரம் வந்தது. கிரி மஞ்சளுக்கு வந்துவிட்டான். இது உண்மையான மஞ்சள். டீச்சரிடம் கேட்டு அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சளி பிடித்தால் மறுபடி இறங்கிவிடுவான், ஒரு வருடம் கவனமாக இருக்கணும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் பாதிநாள் மட்டும் தீர்த்தகிரி மாவு மில்லில் வேலைக்குப் போகிறேன்.

கோகிலாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாசி முடியும்வரை அவள் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போய்விடுவாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இன்னும் பேசுவதில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

பத்து நாளுக்கு முன் பரிதா டீச்சர் அவளைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். பிள்ளைகளின் எடையெல்லாம் போனில் ஏற்ற வேண்டியிருக்கிறது, நீ காலேஜ் படித்த பெண், வந்து உதவி செய் என்று. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே என்றுதான் அழைத்திருப்பார். அவளும் போயிருக்கிறாள். பழைய மாதக் கணக்கைப் பார்த்து ஏற்றும்போது கிரியின் பக்கம் வந்திருக்கிறது. ஜூலையிலிருந்து மாதாமாதம் சிவப்பு. அப்பவே தெரிஞ்சிருந்தும் ஏன் யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று டீச்சரைக் கேட்டிருக்கிறாள். டீச்சர், "அத உங்க வூட்டுலதாம்மா கேக்கணும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றாள். கிரி பாயில் உட்கார்ந்து தட்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"சித்தி, எங்கல்யாணம் நிக்கக் கூடாதுன்னுதான் கிரிய இப்படி வுட்டீங்களா?" என்றாள்.

எதையெதையோ சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. உங்கள் அண்ணன் சொன்னார் என்று சொல்லலாம். நீங்கள் எழுதினீர்கள் என்று சொல்லலாம். நான் ஆமாம் என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் கையைத் தூக்கி, முழங்கைக்கு மேலே தன் விரலால் சுற்றிப் பார்த்தாள். இந்த நேரத்துக்கு என்ன சாப்பிடுவான் என்று கேட்டாள். முட்டையும் சோறும் பிசைந்து வைத்திருந்தேன். வாங்கி ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். அவன் நன்றாக வாங்கிக்கொண்டான். பாதித் தட்டு காலியான பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வாணாம்னு சொல்லியிருப்பேனே சித்தி."

அதற்குப் பிறகு தினமும் வருகிறாள். ஆனால் இதை எழுதும்போதும் எனக்கு அந்த ஒரு பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தாறு மாதம் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி எல்லாம் செய்தோம். உங்கள் அண்ணன் கேட்கவில்லை. நீங்கள் கேட்கவில்லை. இரண்டு வீடு தள்ளி இருந்தும் நானும் ஒரு நாள் போய் அவளைக் கேட்கவில்லை.

உங்கள் மன்னிப்பை நான் அவளிடம் சொல்லவில்லை மாமா. அதை அவளுக்கே தனியாக எழுதுங்கள். மெதுவாக எழுதுங்கள், எத்தனை நாளானாலும் பரவாயில்லை.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

சுசித்ரா